கம்பியை எப்போது கழற்றுவது?



பொன்சாய் வளர்ப்பவர்கள் பொதுவாக அமைதியானவர்கள். ஆனால் அவர்கள் நடுவே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், பேச்சு சூடாகிவிடும். கிளையில் கம்பித் தடம் விழுந்த மரத்தை நல்ல மரம் என்று ஏற்றுக்கொள்ளலாமா, கூடாதா? "நாலைந்து வருடத்தில் மறைந்துவிடும், விடுங்கள்" என்பார் ஒருவர். "மறைந்தாலும் சரி, மறையாவிட்டாலும் சரி, பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?" என்பார் அடுத்தவர்.

எங்கள் வீவக புளோக்கில் தாழ்வாரம் முழுக்கச் சின்னச் சின்னச் சட்டிகள் வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவரிடம் சில வருடங்களாக இந்தக் கலையைக் கற்று வருகிறேன். இந்தக் கேள்வியை அவரிடமும் கேட்டேன். "முதலில் கம்பி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள். அப்புறம் தடத்தைப் பற்றிப் பேசலாம்" என்றார். நாமும் அந்த வரிசையிலேயே போவோம்.

கம்பி எதற்கு?

பொன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் 'தட்டில் நட்டது' என்று பொருள். கலை பிறந்தது சீனாவில். அங்கே அதைப் பென்ஜிங் என்பார்கள். நம் ஜூரோங்கில் இருக்கும் சீனத் தோட்டத்துக்குப் போனவர்கள் இந்த மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ குள்ளமான தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தரையில் விட்டால் ஓங்கி வளரக்கூடிய அதே மரம்தான். வேரையும் கிளையையும் அளவாக வெட்டிச் சிறிய சட்டியில் வைத்திருப்பதால் சிறியதாக நிற்கிறது.

இளம் மரத்தின் கிளைகள் வெளிச்சத்தைத் தேடி மேலே போகும். வயதான மரத்தின் கிளைகளோ தங்கள் பாரத்தாலும், குளிர்நாடுகளில் பனியின் பாரத்தாலும் தாழ்ந்து விரிந்திருக்கும். பத்து வயது மரத்துக்கு நூறு வயது மரத்தின் தோற்றம் வர வேண்டுமானால் கிளையைத் தாழ்த்த வேண்டும். கையால் தாழ்த்தினால், கையை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே போய்விடும். சில மாதங்கள் அதை அங்கேயே பிடித்து வைக்கத்தான் கம்பி.

இது பழைய காலத்து முறை அல்ல. முன்பெல்லாம் சணல் கயிறு, மரநார், மூங்கில் குச்சி இவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். ஜப்பானில் உலோகக் கம்பி பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகுதான்.

இன்று இரண்டு வகைக் கம்பி கிடைக்கிறது. அலுமினியம் மென்மையானது. கற்றுக்கொள்பவர்களுக்கும், நம் ஊரில் அதிகம் வளர்க்கும் ஃபைக்கஸ் என்ற ஆல இனங்களுக்கும் அது போதும். செம்புக் கம்பியைத் தீயில் காய்ச்சி மென்மையாக்கிப் பயன்படுத்துவார்கள். வளைக்க வளைக்க அது இறுகிவிடும். மெல்லியதாக இருந்தாலும் பலம் அதிகம் என்பதால் பைன், ஜூனிப்பர் மரங்களுக்கு அதை விரும்புவார்கள்.

கம்பியின் கனம் கிளையின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் கிளைக்கு 3 மில்லிமீட்டர் கம்பி. ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், சீரான இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். நெருக்கிச் சுற்றினால் ஸ்பிரிங் போலாகிவிடும், பிடிக்காது. வளையும்போது வெளிப்பக்கத்தில் கம்பி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பட்டை கிழியாது. இரண்டு பெருவிரலையும் வளைவின் உள்பக்கத்தில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். முறுகும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். காகிதப்பூ மரம் போன்றவற்றில் கிளை முற்றிவிட்டால் சட்டென்று முறிந்துவிடும். அதைப் பச்சையாக இருக்கும்போதே கட்ட வேண்டும்.

தடம் எப்படி விழுகிறது?

மரப்பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய உயிருள்ள படலம் இருக்கிறது. உள்பக்கம் புதிய மரத்தையும் வெளிப்பக்கம் பட்டைத் திசுவையும் உண்டாக்குவது அதுதான். வேர் எடுத்த நீர் உள்பக்க மரத்தின் வழியாக மேலே போகிறது. இலை சமைத்த உணவு பட்டைப் பக்கத் திசு வழியாகக் கீழே வருகிறது.

கிளையை வளைக்கும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரிசல்கள் விழுகின்றன. மரம் அவற்றை ஆற்றிக்கொண்டு, வளைந்த நிலையிலேயே புதிய மரத்தை அடுக்கடுக்காகச் சேர்க்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும், கம்பி இல்லாமலே கிளை அந்த இடத்தில் நிற்கும். அதாவது கிளையைப் புதிய இடத்தில் நிற்க வைப்பது அதன் சொந்த வளர்ச்சி. அது வளரும்வரை கம்பி காவல் இருக்கிறது.

சிக்கலும் அதே வளர்ச்சியால்தான் வருகிறது. கிளை தடிக்கிறது, கம்பி விரிவதில்லை. முதலில் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளி போகும். பிறகு கம்பியின் இரண்டு பக்கமும் பட்டை மெல்ல உப்பும். அதைக் கவனிக்காமல் விட்டால் கம்பி பட்டைக்குள் அழுந்தி, திருகாணிபோல் சுழன்று போகும் பள்ளம் விழும். இன்னும் விட்டால் மரம் கம்பியை விழுங்கிவிடும்.

சுருளாகச் சுற்றிய கம்பி கிளையைக் கொல்வது அரிது. சுருளின் இடைவெளி வழியாக உணவு இறங்க ஒரு பாதை இருக்கும். ஆனால் வளையமாக இறுகிய கம்பி ஆபத்தானது. நர்சரியில் பெயர்ச்சீட்டு கட்டி, பிறகு யாரும் அவிழ்க்காத மெல்லிய கம்பி அப்படிப்பட்டது. அது சுற்றுப்பாதை முழுவதையும் அடைத்து, அதற்கு அப்பால் உள்ள பகுதியையே சாகடிக்கலாம்.

இந்தக் கட்டத்துக்கு வர எத்தனை நாள் ஆகும்? மரத்தையும் ஊரையும் பொறுத்தது. குளிர்நாட்டுப் பைன் மரத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் கம்பி இருக்கலாம். சிங்கப்பூரில் குளிர்காலமே இல்லை. நல்ல வெயிலும் மழையும் பட்ட ஃபைக்கஸ் கிளையில் சில வாரங்களிலேயே கம்பி அழுந்தத் தொடங்கிவிடும். அதனால்தான் எங்கள் அங்கிள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் சட்டி சட்டியாகப் போய்க் கம்பியின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

தடத்தை ஏற்கலாமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். அனுபவசாலிகள் எல்லா மரத்துக்கும் ஒரே பதில் சொல்வதில்லை.

பைன் மரத்தின் பட்டை சொரசொரப்பானது. வயதாக ஆக செதில் செதிலாக உரியும். லேசான தடம் சில வருடங்களில் அதற்குள் மறைந்துவிடும். பைன் கிளை பழைய இடத்துக்குத் திரும்பும் பிடிவாதம் உள்ளது என்பதால், கம்பி சற்று அழுந்தும்வரை வேண்டுமென்றே விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஜூனிப்பர் கன்றுகளின் தண்டில் கம்பியைச் சுற்றி, அது உள்ளேயே புதையும்படி விட்டு, முறுக்கிய தண்டை உருவாக்கும் வழக்கமும் ஜப்பானில் உண்டு.

மேப்பிள், பீச் போன்ற வழுவழுப்பான பட்டையுள்ள மரங்களின் கதை வேறு. அவற்றில் விழுந்த தடம் பல வருடம் அப்படியே தெரியும். சில தடங்கள் போவதே இல்லை. அதனால் மேப்பிளுக்குக் கம்பியின்மேல் காகிதம் சுற்றிக் கட்டுபவர்கள் உண்டு. ஃபைக்கஸ் வேகமாகத் தடிப்பதால் இளங்கிளையில் விழுந்த தடம் மங்கிவிடலாம். ஆனால் வளர்ச்சி நின்றுபோன பழைய கிளையில் அது தங்கிவிடும்.

தடம் எங்கே விழுந்திருக்கிறது என்பதும் முக்கியம். இலைக்கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தடத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. முன்பக்கத்தில், தண்டை ஒட்டி விழுந்தது முதல் பார்வையிலேயே கண்ணை இழுக்கும்.

கம்பியே வேண்டாம் என்ற வழியும் உண்டு. தென்சீனாவின் குவாங்டோங் பகுதியில் லிங்னான் என்ற மரபு இருக்கிறது. கிளையைத் தன் போக்கில் வளரவிட்டு, நாம் விரும்பும் திசை நோக்கிய மொட்டுக்கு மேல் வெட்டுவார்கள். அந்த மொட்டிலிருந்து வரும் கிளை அந்தத் திசையில் போகும். அதையும் வளரவிட்டு மறுபடி வெட்டுவார்கள். கம்பித் தடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பொறுமை வேண்டும்; ஒரு கிளை உருவாகவே பல வருடம் பிடிக்கும். கம்பி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கு ஈடாக அடிக்கடி வந்து பார்க்கச் சொல்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொன்சாயில் காயமே கூடாது என்பதில்லை. பட்டை உரிந்து வெளுத்துப்போன கிளையை ஜின் என்றும், தண்டில் நீளவாக்கில் உரிந்த பகுதியை ஷாரி என்றும் சொல்வார்கள். மலைமேல் மின்னலும் காற்றும் பனியும் செய்வதைப் பார்த்து மனிதர் அதை மரத்தில் செதுக்குகிறார்கள், பார்ப்பவர்களும் மெச்சுகிறார்கள். இவ்வளவு பெரிய காயத்தை மெச்சுகிறவர்கள் சிறிய கம்பித் தடத்தைக் கண்டு ஏன் முகம் சுளிக்கிறார்கள்? அந்தப் பெரிய காயம் மரம் எதைத் தாங்கி நின்றது என்று சொல்கிறது. கம்பித் தடமோ, கட்டியவர் திரும்பி வந்து பார்க்கவில்லை என்று சொல்கிறது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625ஆம் ஆண்டிலிருந்து பொன்சாயாக வளர்க்கப்பட்டு வரும் மரம். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைப் பேணி வந்தார்கள். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அணுகுண்டு விழுந்தபோது, சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்ததால் அது தப்பியது. 1976இல் அமெரிக்காவின் 200ஆவது ஆண்டு நிறைவுக்கு ஜப்பான் அனுப்பிய 53 பொன்சாய் மரங்களில் அதுவும் ஒன்றாகப் போனது. 2001இல் யமாகியின் பேரன்கள் அதைப் பார்க்கப் போனபோதுதான் அதன் கதை அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வந்தது. ஏறக்குறைய 400 வருடங்களில் எத்தனை கைகள் அதைத் திருத்தியிருக்கும், எத்தனை கட்டுகளைக் கட்டி அவிழ்த்திருக்கும்! அவிழ்த்த கைகளும் இருந்ததால்தான் அது மரமாக நிற்கிறது.

என் முடிவைக் கேட்டால் இதுதான்: தடம் விழுந்த மரத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் தடத்தை விழவிட்ட அலட்சியத்துக்கு 'அழகு' என்று பெயர் வைக்காதீர்கள்.

கழற்றும் முறை

கம்பியை மிச்சம் பிடிக்க நினைத்துச் சுற்றிய வழியே திருப்பி அவிழ்க்கக் கூடாது. அப்போதுதான் மொட்டுகள் உதிரும், கிளை முறியும். கம்பி வெட்டியால் ஒவ்வொரு சுற்றிலும் துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். கம்பி உள்ளே அழுந்தியிருந்தால் இழுக்கவே கூடாது. சிறு சிறு துண்டாக வெட்டி, தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். பட்டை கிழிந்த இடத்தில் காயப்பசை தடவலாம். பிறகு அந்தக் கிளையைக் கொஞ்ச காலம் வெட்டாமல் சுதந்திரமாக வளரவிட வேண்டும். வளர்ச்சிதான் தடத்தை நிரப்பும். கிளை பழைய இடத்துக்குத் திரும்பினால், ஓய்வுக்குப் பிறகு மறுபடி கட்டலாம், பழைய தடத்தின்மேல் படாமல்.

வார்டில் பார்ப்பது

நான் தாதியாக வேலை செய்கிறேன். மாவுக்கட்டுப் போட்ட நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கம்பி ஞாபகம் வரும். முறிந்த எலும்பைச் சேர்ப்பது மாவுக்கட்டு அல்ல. எலும்பு தானே சேர்ந்துகொள்கிறது. அதுவரை அசையாமல் பிடிப்பது கட்டின் வேலை. ஆனால் கட்டுக்குள் கை வீங்கினால் கட்டு விரியாது. அதனால் கட்டுப் போட்டதோடு எங்கள் வேலை முடிவதில்லை. விரல் நுனி குளிர்ந்திருக்கிறதா, மரத்துப்போகிறதா, வலி கூடிக்கொண்டே போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்போம். நகத்தை அழுத்தி விட்டால் சுமார் இரண்டு விநாடிக்குள் இரத்தம் திரும்ப வேண்டும். நோயாளி "வலிக்கிறது" என்று சொன்னால், "கட்டு நல்லதுக்குத்தான் போட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. கட்டு நல்லதுக்குத்தான். வலியும் உண்மைதான்.

படுக்கைப்புண் வராமல் பார்க்கும்போதும் இப்படித்தான். அழுத்தம் பட்ட இடம் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்போம். வெளுத்து, பிறகு நிறம் திரும்பினால் நல்லது. வெளுக்கவே இல்லையென்றால் பாதிப்பு தொடங்கிவிட்டது. ஆனால் நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று. நோயாளியைக் கேட்கவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்று அர்த்தமில்லை.

நம் வீடுகளில்

நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக் கட்டும் கம்பிகள் பல. துணைப்பாட வகுப்பு, வயலின், ஞாயிறு பள்ளி, இத்தனை மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஒழுங்கு. இவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. கட்டாத கிளை எப்போதும் அழகாக வளர்ந்துவிடும் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்ல மாட்டார். சிட்சை நடக்கும்போது இனிக்காது, பலன் பின்னால்தான் தெரியும் என்பது எபிரெயர் 12ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கும் பாடம். அதே வேதம் தகப்பன்மாருக்கும் ஒரு எல்லை வைக்கிறது. எபேசியர் 6, கொலோசெயர் 3 இரண்டிலும் பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொன்ன பவுல், பிள்ளையின் மனம் உடையும் அளவுக்குப் போகாதீர்கள் என்று பெற்றோர் பக்கமும் திரும்புகிறார்.

பெற்றோர்களே, ஏழு வயதில் கட்டிய கம்பி பதினேழு வயதிலும் அப்படியே இருக்கிறதா? தேசிய சேவைக்குப் போய் வரும் மகனின் கைப்பேசியை இன்னும் சோதிக்கிறோமா? பிள்ளை தானே நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றால், நாம் கட்டியது வீண்போகவில்லை. அதைத்தானே விரும்பினோம்? கழற்றினால் கிளை எழும்பிவிடுமோ என்று பயப்படுவது இயல்பு. எழும்பினால் மறுபடி பேசலாம். மறுபடி கட்டலாம். பழைய இடத்திலேயே கட்ட வேண்டாம்.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டப்பட்டிருப்பதாலேயே வெறுக்கப்படுகிறோம் என்று நினைக்காதீர்கள். வேண்டாத கிளையை யாரும் உட்கார்ந்து கம்பி கட்டுவதில்லை, வெட்டிவிடுவார்கள். ஆனால் கம்பி அழுந்தத் தொடங்கினால் சொல்லுங்கள். மரத்துக்கு வாய் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. "அப்பா, இது எனக்கு இறுக்குகிறது" என்று அமைதியாகச் சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது. அடியும், தினம் தினம் அவமானப்படுத்தும் பேச்சும் சிட்சை என்ற பெயரில் நடந்தால், அது கம்பி அல்ல, காயம். அதை மனதுக்குள் புதைக்காதீர்கள். போதகரிடமோ, வாலிபர் தலைவரிடமோ, பள்ளி ஆலோசகரிடமோ, நம்பும் பெரியவர் ஒருவரிடமோ சொல்லுங்கள். வீட்டு மானம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

ஏற்கெனவே தடம் விழுந்தவர்களும் உங்களில் இருக்கலாம். யோவான் 20ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் கைகளைக் காட்டுகிறார். மகிமையான அந்தச் சரீரத்திலும் ஆணித் தடம் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் தோமா விசுவாசத்துக்கு வந்தான். ஆனாலும் ஆணி அடித்தவர்கள் செய்தது நல்லது என்று எந்தச் சபையும் பிரசங்கித்ததில்லை. இரண்டும் சேர்ந்தே உண்மை. உங்கள்மேல் விழுந்த தடத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதை விழவிட்டவர்கள் செய்தது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டியதும் இல்லை. தேவன் உங்களை வளரவிடுகிறார். பள்ளத்தை நிரப்புவது அந்த வளர்ச்சி.

வாலிபர் கூடுகையில் பேச

1. உங்கள் வாழ்க்கையில் கட்டப்பட்ட எந்த ஒழுங்குக்காக இன்று நன்றி சொல்கிறீர்கள்? அதைக் கட்டியவரிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா?

2. இப்போது இறுக்கமாக இருக்கும் ஒன்றைப் பற்றி வீட்டில் பேச வேண்டுமானால், எந்த வார்த்தைகளில் தொடங்குவீர்கள்?

3. நீங்களும் யாருக்கோ கம்பி கட்டுகிறவர்தான்: தம்பிக்கு, தங்கைக்கு, ஞாயிறு பள்ளியில் உங்களிடம் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு. கடைசியாக எப்போது போய்த் தொட்டுப் பார்த்தீர்கள்?